நடு முடிச்சு

வெண்ணிலா பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம். தலைக்கு மேலே மின்விசிறி கறகறவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எந்தக் குழுவோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்திருந்ததால் கூடம் முழுக்க அந்த வாடை. எங்கள் முறை வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். “இந்தக் குழுவில் உள்ள ஐந்து மாணவர்களைத் தவிர வேறு யாருடைய கையும் இதில் படவில்லை என்று உறுதி கூறுகிறோம்.”

ஏழாம் வகுப்புப் பிள்ளை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். முடித்ததும் பேனா முனையைத் தாளில் வைத்தாள்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“என்ன ஆயாம்மா, பாத்ரூம் போவணுமா?” என்றான் கபிலன்.

என் கண் அந்தப் பேனா முனையிலேயே இருந்தது. முந்தின நாள் காலையில் என் கை அதில் பட்டிருந்தது.

சாவி என் இடுப்பில்

இந்தத் தொடரை நடுவில் எடுத்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உடையார்பாளையத்திலிருந்து முந்திரிக்காட்டு வழியாக உள்ளே வந்தால் எங்கள் ஊர். அங்கே எட்டாவது வரைக்கும் உள்ள பள்ளிக்கூடத்தில், சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாக இருந்தவள் நான். ஓய்வு கொடுத்து அனுப்பிப் பல வருடம் ஆகிறது. அவர்கள் அனுப்பினார்கள், நான் போகவில்லை. என் வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரே. இப்போது சமைக்கிற பெண் தனியாள். நான் போய் அரிசி களைந்து கொடுப்பேன், கீரை ஆய்ந்து கொடுப்பேன், பிள்ளைகளுக்குச் சோறும் போடுவேன். பழைய சமையல் கூடத்துச் சாவி இன்னமும் என் இடுப்பில்தான் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

பிள்ளைகள் என்னை ஆயாம்மா என்பார்கள். அவர்களுடைய அம்மாக்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எனக்கு ஒரு குணம் உண்டு. தளர்ந்து தொங்குகிற எதையும் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. சாக்கு வாய் பிளந்து கிடந்தால் கை போய்விடும். சோற்றுக்கு வரிசையில் நிற்கிற பெண்பிள்ளையின் ரிப்பன் அவிழ்ந்து கிடந்தால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் சோறு போடுவேன்.

“வலிக்குது ஆயாம்மா.”

“வலிச்சாத்தான் நாலு மணி வரைக்கும் நிக்கும்.”

அனுசுயா என்று ஒரு பிள்ளை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் ரிப்பனை நான்தான் கட்டுகிறேன். அவள் வலிக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டாள். பேச்சே குறைவு. கேட்டால் தலையை ஆட்டுவாள், அதோடு சரி. அவளும் இந்தக் கதையில் இருக்கிறாள்.

கடலுக்குப் போகிற வழி

போன வருடம் மழை விட்ட சமயம். ரஹ்மத் டீச்சர் ஒரு போட்டியைப் பற்றிச் சொன்னார். அவர் அறிவியல் டீச்சர். லப்பைக்குடிக்காட்டில் பிறந்தவர், அரியலூரில் வாடகை வீட்டில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். சிமெண்ட் லாரித் தூசி அவர் கைப்பையில் தினமும் படிந்திருக்கும். சமையல் கூடத்து வாசலில் நின்று அதைத் தட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்.

அது ஓட்டப் பந்தயமும் இல்லை, பேச்சுப் போட்டியும் இல்லை. ஒரு சிக்கலைக் கொடுப்பார்கள். ஐந்து பிள்ளைகள் சேர்ந்து, தாங்களாக யோசித்து, அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வந்த சிக்கல் ஒரு பாலம். ஈர்க்குச்சியும் ஒரே ஒரு நூல்கண்டும்தான் பொருள். பசை கூடாது, ஆணி கூடாது; இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்கச் செங்கல் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாலத்தின் நடுவே ஒரு தட்டைத் தொங்கவிட்டு, மணல் பொட்டலங்களை ஒவ்வொன்றாக அதில் வைப்பார்கள். எத்தனை பொட்டலம் தாங்குகிறது என்பது ஒரு கணக்கு. பொட்டலம் ஏற ஏறப் பிள்ளைகள் ஒரு கதையை நடித்துக்கொண்டே போக வேண்டும், அது இன்னொரு கணக்கு.

பெரம்பலூரில் முதலாவதாக வருகிற குழு சென்னைக்குப் போகலாம் என்றார் டீச்சர்.

“சென்னையில கடல் இருக்குல்ல டீச்சர்?” என்றான் கபிலன்.

“இருக்கு. ஆனா கடலெல்லாம் போட்டியில வராது.”

“அது அங்க இருந்தாப் போதும் டீச்சர். மீதிய நாங்க பாத்துக்கறோம்.”

அந்த ஐந்து பேரில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவர்கள் போட்டி என்று சொல்லவே இல்லை. “சாப்ட்டு வா, கடல் வேலை பாக்கணும்” என்பாள் வெண்ணிலா. அவள்தான் தலைவி. வாய்க்காரி.

பாலம் கட்ட இடம் கேட்டார்கள். பழைய சமையல் கூடத்தைத் திறந்துவிட்டேன். டீச்சர் தரையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் தான் என்று நின்றுகொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

“என்ன டீச்சர், தப்புப் பண்ணுன புள்ள மாதிரி நிக்கிறீங்க?”

“ரூல்ஸ் ஆயாம்மா. நான் ஒரு குச்சியக்கூட எடுத்துக் குடுக்கக் கூடாது. யோசனையும் சொல்லக் கூடாது.”

“அப்புறம் டீச்சருன்னு எதுக்கு இருக்கீங்க?”

“பூட்டத் தொறக்க நீங்க இருக்கீங்க. பெருமூச்சு வுட நான் இருக்கேன்.”

நிசமாகவே அப்படித்தான் இருந்தார். முதல் பாலம் இரண்டு பொட்டலத்தில் முறிந்தது. அடுத்தது மூன்றில். “நீ கட்டுன பக்கம்தான் ஒடஞ்சுது” என்பாள் வெண்ணிலா. “ஒன் வாய்ச் சத்தத்துலதான் ஒடஞ்சுது” என்பான் கபிலன். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். ஒருநாள் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “எனக்குத் தெரியும் ஆயாம்மா, எங்க தப்புன்னு. சொல்ல முடியல. வவுறு வலிக்குது.”

எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

நான் பாட்டுக்கு அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்ப் பெருக்கினேன், தண்ணீர் வைத்தேன், கடலை உருண்டை கொடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது படித்தவர்களுக்குப் போட்ட கோடு என்று நினைத்தேன். யோசனை சொல்லிக் கெடுக்கிறவர்கள் அவர்கள்தானே. எனக்கு என்ன தெரியும், நான் எங்கே கெடுக்கப் போகிறேன்.

நானில்லாத நாலு நாள்

கடைசி வாரம் எறையூரில் என் தம்பி வீட்டில் காதுகுத்து. கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம், ஊரே வெல்லப்பாகு வாடை அடித்தது. நாலு நாள் தங்கிவிட்டேன். சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அந்தச் சாவியை வேறு கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த நாலு நாளில்தான் பிள்ளைகள் எதையோ கண்டுபிடித்திருந்தார்கள். நான் திரும்பி வந்து சாவியை வாங்கிக்கொண்டபோது, பாலம் நிற்கிறது ஆயாம்மா என்று மட்டும் சொன்னார்கள்.

பெரம்பலூருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் காலை. பெண்பிள்ளைகளோடு இன்னொரு பொம்பளை ஆள் கூட வந்தால் நல்லது, நீங்களும் வாங்க என்று டீச்சர் கூப்பிட்டிருந்தார். நல்ல சேலையை மடித்து வைத்துவிட்டுச் சமையல் கூடத்தைத் திறந்தேன். எலி வராமல் இருக்கப் பாலத்தை மேல் பலகையில் வைத்து என் பழைய சேலையால் மூடியிருந்தார்கள். விலக்கிப் பார்த்தேன்.

அழகாக இருந்தது. ஈர்க்குகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து இரண்டு பாதியாகச் செய்து, இரண்டும் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்கிற மாதிரி நடுவில் நூலால் சேர்த்திருந்தார்கள். கால்கள் நகராமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல். எல்லாக் கட்டும் இறுக்கமாக இருந்தது. நடு முடிச்சு மட்டும் தளர்ந்து, தொட்டால் ஆடியது. நூலின் நுனி ஒரு சாண் நீளம் சும்மா தொங்கியது.

பஸ் குலுக்கலுக்கே இது போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தேனோ இல்லையோ, கை போய்விட்டது. தொங்கிய நுனியை இழுத்து, இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, அரிசி மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. மூடிவிட்டுக் கீரை ஆயப் போனேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. ஒரு பிள்ளையின் ரிப்பனைக் கட்டியதை யாரிடமாவது போய்ச் சொல்வேனா?

சாம்பலில் எழுதிய பெயர்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

எனக்கு வேலை கிடைத்தபோது கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வைக்க எனக்கு இஷ்டம் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பிள்ளை என் பெயரைச் சிலேட்டில் எழுதிக் கொடுத்தது. அதைப் பார்த்துப் பார்த்து அடுப்புச் சாம்பலில் விரலால் எழுதினேன். கொளஞ்சியம்மாள். அந்த ஞ் இருக்கிறதே, அது என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு சுழி கூடும், ஒரு சுழி குறையும். பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாவது நாள் காகிதத்தில் போட்டேன். அன்றைக்கு நான் நடந்த நடையை எங்கள் ஊரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதற்கு அப்புறம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ள வெகுநாள் ஆனது. இப்போதும் ஒரு பக்கம் எழுத எனக்கு ஒருநாள் வேண்டும். நடுவில் அந்த வருடங்களில் கையெழுத்துப் போடத் தெரியும், போட்டது எதில் என்று தெரியாது.

ஒருநாள் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் தாளோடு வந்தார். “இங்க போடும்மா” என்றார். ஆசையாகப் போட்டேன். ஞ்-ஐக்கூட ஒழுங்காகப் போட்டேன். அந்த மழைக்காலம் முழுக்கச் சமையல் கூடத்துக் கூரை ஒழுகியது. அடுப்பின் மேல் ஒழுகி, ஈர விறகு புகைந்து, பிள்ளைகள் இரண்டு மணிக்குச் சாப்பிட்டன. அதே ஆபீஸுக்கு முறையிடப் போனேன். அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்கள். கூரைத் தகடு மாற்றியாகிவிட்டது என்று அதில் எழுதியிருந்ததாம். “நீதானம்மா கையெழுத்துப் போட்டிருக்க.”

ஒழுகுகிற கூரையைவிட அதுதான் எனக்கு வலித்தது. பதினோரு நாள் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட பெயர், பொய்க்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது.

பெரம்பலூரில் வெண்ணிலா பேனா முனையைத் தாளில் வைத்தபோது நான் பார்த்தது அந்தத் தாளைத்தான். அவள் வாசித்துவிட்டுத்தான் போடுகிறாள். ஆனால் வாசித்தது பொய் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

சும்மா இருந்திருக்கலாம். ஒரு நொடி அப்படியும் நினைத்தேன், நினைத்ததை ஏன் மறைக்க வேண்டும். ஒரு முடிச்சுதானே. இரண்டு மாதப் பாடு. கடல்.

எது வேணும்னே விட்டது

“கையெழுத்துப் போடாதே புள்ள” என்றேன். “அதுல என் கை பட்டுருக்கு.”

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

“எப்ப ஆயாம்மா?”

“நேத்துக் காலையில. நடுவுல லூசா இருந்துச்சு. இழுத்துக் கட்டுனேன்.”

“யா அல்லா” என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

“உங்கள யாரு தொடச் சொன்னா?” என்றாள் வெண்ணிலா. அவள் முகம் சிவந்துவிட்டது. “டீச்சரே தொடல. நீங்க எதுக்குத் தொட்டீங்க?”

“சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போவுது” என்று முனகினான் கபிலன்.

அனுசுயா மட்டும் பேசவில்லை. பாலத்தை மூடியிருந்த சேலையை எடுத்தாள். குனிந்து நடு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

“ஆயாம்மா, அது வேணும்னே விட்டது. இறுக்கிக் கட்டுனா முடிச்சுக்குப் பக்கத்துலயே ஈர்க்கு முறிஞ்சிடும். நாலு தடவ ஒடஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது. ஆட வுட்டா, ரெண்டு பாதியும் ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு தானா உக்காந்துக்கும்.”

தளர்ந்திருப்பது எல்லாம் கவனிக்காமல் விட்டது என்று அறுபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

“டீச்சர், இப்ப என்ன பண்றது?” என்று கேட்டாள் வெண்ணிலா.

டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. “அது நீங்கதான் யோசிக்கணும் கண்ணு” என்றார்.

ஐந்து தலையும் வட்டமாகச் சேர்ந்தன. நூலை அறுக்கலாம் என்றான் ஒருவன். அறுத்தால் திரும்பக் கட்ட நூல் இல்லை, கண்டு தீர்ந்துவிட்டது. அப்படியே வைக்கலாம் என்றால் இரண்டு பொட்டலத்துக்குத் தாங்காது. அவிழ்ப்பது ஒன்றுதான் வழி.

அவிழ்ப்பதா? அது மூட்டை முடிச்சு. லாரியில் ஏற்றி இறக்கினாலும் அவிழாது. அதற்காகவே போடுகிற முடிச்சு. அதில் எந்த நுனியை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அவிழ்ப்பேன். ஆனால் என் கை இன்னொரு தடவை படக்கூடாது. வாயால் சொல்லவும் கூடாது.

டீச்சருக்கு ஏன் வயிறு வலித்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் அவர் பக்கத்தில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

கபிலன் நகத்தால் கிள்ளினான். வெண்ணிலா பல்லால் கடித்துப் பார்த்தாள். வேறு யாரோ நுனியை இழுத்தார்கள், தப்பான நுனி, முடிச்சு இன்னும் இறுகியது. என் விரல்கள் முதுகுக்குப் பின்னால் தாமாக அசைந்துகொண்டிருந்தன. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார்.

“அஞ்சு நிமிஷம்” என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அனுசுயா மற்றவர்களை விலகச் சொன்னாள். நூலை அவள் தொடவே இல்லை. இரண்டு பக்கத்து ஈர்க்குக் கட்டுகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நெருக்கினாள். ரொட்டி மாவை அமுக்குகிற மாதிரி, மெதுவாக. நெருக்க நெருக்க நூலுக்கு இடம் கிடைத்தது. முடிச்சு மூச்சு விட்டது. “இப்ப ஊக்கு” என்றாள். வெண்ணிலா நடிப்புக்காகக் கட்டியிருந்த தாவணியில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து உள்ளே விட்டு நெம்பினாள். நான் போட்ட இரண்டு சுற்றும் கழன்று வந்தன.

நானாக இருந்தால் நுனியை இழுத்திருப்பேன். குச்சியை நெருக்கலாம் என்பது எனக்குத் தோன்றியிருக்காது. முப்பது வருடம் மூட்டை அவிழ்த்தும் தோன்றவில்லை.

பெயர்

நடுவர் மேசையில் ஒரு கண்ணாடி போட்ட அம்மா இருந்தார். வெண்ணிலா அவரிடம் தாளை எடுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னாள். நானும் பின்னாலேயே போனேன்.

“சொன்னதுக்குச் சந்தோஷம்மா” என்றார் அவர். “ஆனா மார்க் கழிக்கிறத கழிச்சுத்தான் ஆவணும். எல்லாருக்கும் ஒரே சட்டம். கீழ எழுதிக் குடு, யாரு, என்ன செஞ்சாங்கன்னு.”

வெண்ணிலா எழுதினாள். எழுதியதை நடுவர் வாசித்தார்: “‘நடு முடிச்சை ஆயாம்மா ஒரு முறை இறுக்கினார். நாங்களே அவிழ்த்துவிட்டோம்.’ ஆயாம்மான்னா யாரு? பேரு போடணும்.”

வெண்ணிலா பேனாவோடு நின்றாள். கபிலனைப் பார்த்தாள். அவன் அனுசுயாவைப் பார்த்தான். அப்புறம் ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆயாம்மா” என்றாள் வெண்ணிலா. குரல் இறங்கியிருந்தது. “உங்க பேரு என்ன?”

ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கையால் சாப்பிட்ட பிள்ளைகள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

“பேனாவக் குடு” என்றேன்.

மேசையில் குனிந்து எழுதினேன். கொளஞ்சியம்மாள். அவசரப்படவில்லை. பின்னால் அடுத்த பள்ளிக்கூடத்துக் குழு முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது, இருக்கட்டும். ஞ் ஒழுங்காக வந்தது. அதற்கு மேலே வெண்ணிலா எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி ஒருதரம் படித்தேன். நிசம்தான் எழுதியிருந்தாள். அதற்குக் கீழேதான் என் பெயர் இருந்தது.

வாங்க, தாங்கிக்கறேன்

பிள்ளைகள் நடித்த கதை எங்கள் ஊர் ஓடையைப் பற்றியது. மழை வந்தால் ஓடை ரோட்டைத் தாண்டும், இந்தக் கரை ஆள் இந்தக் கரை, அந்தக் கரை ஆள் அந்தக் கரை. அவர்கள் கதையில் அங்கே ஒரு பாலம் முளைக்கிறது. முதல் பொட்டலம் ஓர் ஆடு. இரண்டாவது பால்காரர். பிறகு கல்யாணப் பெண், அது வெண்ணிலா, பாலத்தில் கால் வைக்கப் பயந்து ஊரையே திட்டினாள். கடைசியில் கபிலன் சுண்ணாம்புக்கல் லாரியாக உறுமிக்கொண்டு வந்தான். அனுசுயாதான் பாலம். ஒவ்வொரு பொட்டலம் ஏறும்போதும் அவளுக்கு ஒரே ஒரு வசனம்.

“வாங்க. தாங்கிக்கறேன்.”

மெல்லிய குரல்தான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நடு முடிச்சு ஆடியது. ஆடி, பாதிகள் ஒன்றின்மேல் ஒன்று இன்னும் கொஞ்சம் சாய்ந்து, உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பதினேழு பொட்டலம் ஏறியது. பதினெட்டாவதை வைத்ததும் ஒரு கால் பக்கத்தில் படக்கென்று முறிந்து எல்லாம் சரிந்தது. அனுசுயா அதைப் பார்த்துவிட்டு, வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“போதும்ப்பா.”

கூடமே சிரித்தது. நடுவர் அம்மாவும் சிரித்தார்.

சாயங்காலம் மூன்றாமிடம் என்று சொன்னார்கள். மேடையில் ஏறிச் சான்றிதழ் வாங்கினார்கள். கபிலன் இறங்கி வந்து என்னைத் தாண்டிப் போகும்போது, “கடல் போச்சு” என்றான். என்னிடம் சொல்லவில்லை, காற்றில் சொன்னான்.

டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “அந்த மார்க்கக் கழிக்கலன்னா மொதலாவதா வந்திருப்பாங்களா?”

“ரெண்டாவதா வந்திருப்பாங்க ஆயாம்மா. மொத எடம் எப்படியும் கெடச்சிருக்காது.”

எனக்காகச் சொன்னாரா, நிசமாகவே அப்படித்தானா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. திரும்பக் கேட்கவும் இல்லை.

பஸ்ஸில் வெண்ணிலா என்னோடு பேசவில்லை. அரியலூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டீச்சர் எல்லாருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெண்ணிலா தன்னுடைய பன்னைப் பாதியாகப் பிய்த்து என் மடியில் வைத்தாள்.

“சாப்புடுங்க.”

சாப்பிட்டேன்.

“உங்க முடிச்சு ரொம்பக் கெட்டி” என்றாள். “ஊக்கே வளஞ்சிடுச்சு.” வளைந்த ஊக்கை எடுத்துக் காட்டினாள். அதைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இந்த வருடக் கோடு

அவர்கள் இப்போது எட்டாம் வகுப்பு. இந்த வருடச் சிக்கல் பாலம் இல்லை, ஒரு வண்டி. மோட்டார் கூடாது, யாரும் தள்ளவும் கூடாது, தானாக ஓடி ஒரு சுவரைச் சுற்றிப் போக வேண்டுமாம். பழைய சமையல் கூடத்தில் மறுபடியும் சாக்பீஸ் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு வட்டம் போட்டிருந்தார்கள். ஒன்றில் ‘டீச்சர்’ என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் எழுதியிருந்ததை நான் கூட்டிப் படித்தேன்.

கொளஞ்சியம்மாள்.

ஞ்-இல் ஒரு சுழி குறைவாக இருந்தது. சொல்லவில்லை. அவர்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

போன வாரம் ஒருநாள் அந்த வட்டத்தில் நின்று பார்த்தேன். அனுசுயா வண்டியின் சக்கரத்தை அச்சில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் ரிப்பன் ஒன்று அவிழ்ந்து தொங்கியது. பின்சக்கரம் ஒன்று தளர்ந்து, சுற்றும்போது இடதும் வலதுமாக ஆடியது.

வேண்டுமென்றே விட்டதா, மறந்து விட்டதா? எனக்குத் தெரியவில்லை. கேட்கலாமா என்று டீச்சரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், கேட்பதும் உதவிதான் என்கிற மாதிரி.

“அனுசுயா” என்றேன். “ரிப்பனக் கட்டி வுடட்டுமா?”

அவள் கோட்டைத் தாண்டி வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கட்டினேன். இந்தத் தடவை கொஞ்சம் தளர்த்தியே கட்டினேன். எழுந்து போய்த் திரும்பவும் அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அது ஆடிக்கொண்டே ஓடியது.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.